ரசமட்டமும் கனி பாயின் ஜன்னலும்

அந்த வெள்ளிக்கிழமை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: ரசமட்டம் அண்ணாச்சி, கனி பாய், முருகேசன், நான். இல்லாதவர், தொழிலாளர் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ். அவர் தம்மாம் போயிருந்தார். அதனால்தான் ஜன்னலைக் கழற்றவே முடிந்தது.

சவூதியின் ஜுபைல் நகரம் முழுக்கத் தேடினாலும் ரசமட்டம் அளவுக்குக் கோணலை வெறுத்த மனிதர் கிடைக்கமாட்டார். பிளான்ட்டில் பைப் ஃபிட்டர். கொத்தனார் வைத்திருப்பாரே, குழாய்க்குள் குமிழி ஓடும் ரசமட்டம், அது எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். டீ கிளாஸை வைக்குமுன் மேஜையில் அதை வைத்துப் பார்ப்பார். மெஸ்ஸில் தோசைக்கல்லில் வைத்துப் பார்த்து, சமையல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அறைக்கு வந்த அன்றே, கட்டில்தான் கோணல் என்று அதன் கால்களுக்கு அட்டை முட்டுக் கொடுத்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் படுத்தார். அவருடைய சொந்தப் பெயர் கம்பெனிக்கு மட்டும் தெரியும்.

எங்கள் அறை ஒரு போர்ட்டா கேபின். லாரியில் கொண்டுவந்து மணலில் கற்களை அடுக்கி உட்கார வைத்த பெட்டி. கனி பாயின் கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னலில் ரப்பர் செத்துப்போய், கண்ணாடி தானாகவே நகர்ந்து திறந்துகொள்ளும். மணல் காற்று அடித்தால் மறுநாள் அவருக்கு மூச்சு இழுக்கும். இன்னொரு தரம் சிக் லீவு போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று ஃபோர்மேன் சொல்லியாகிவிட்டது. கேம்ப் பாஸிடம் கேட்டால் "புக்ரா" என்பார். நாளைக்கு என்று அர்த்தம். கோடை முழுக்க நாளைக்குத்தான்.

பழைய சாமான் கடையில் ஓர் அலுமினிய ஜன்னல் வாங்கினோம். பழையதைவிடக் கொஞ்சம் பெரியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவன் நான், அதுவும் டிப்ளமோ. ஆகவே அளவெடுக்கும் வேலை எனக்கு. தரையிலிருந்து டேப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு போட்டேன். முருகேசன் தாராளமாகவே வெட்டினான். சுவருக்குள்ளிருந்து தெர்மோகோல் பொடி பறந்து, சவூதியில் பனி பெய்தது.

சட்டத்தைத் தூக்கி ஓட்டையில் நிறுத்தினோம். அண்ணாச்சி அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார்.

"இடப்பக்கம் தூக்குல."

தூக்கினோம்.

"இன்னும்."

"அண்ணாச்சி, வெளிய வானம் செவக்குது, மணக்காத்து வரப்போகுது. ஸ்க்ரூவ முடுக்கிருவோம்" என்றான் முருகேசன்.

"குமிழி நடுவுல வரட்டும்ல. பொண்ணு பாக்கவா போற?"

குமிழி வந்தது. முடுக்கினோம். தள்ளி நின்று பார்த்தால், ஜன்னல் குடித்துவிட்டு வந்தவன் போலச் சாய்ந்து நின்றது. கீழே இடது மூலையில் கை நுழையும் இடைவெளி.

"டிப்ளமோ, கோட்ட எங்க பாத்துப் போட்ட?" என்றான் முருகேசன்.

"தரையிலருந்துதான் அளந்தேன்."

அண்ணாச்சி குனிந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. கல் மணலில் இறங்கி, கேபினே சாய்ந்திருக்கிறது. கண்ணாடி தானாக நகர்ந்த ரகசியமும் அதுதான்.

"இத்தன வருசமா நான் சரிவுலயா கெடந்தேன்?"

"நீங்க எங்க கெடந்தீக அண்ணாச்சி, உங்களுக்கு அட்டை இருந்துச்சு. நாங்கல்ல கெடந்தோம்" என்றார் கனி பாய்.

"சைட்ல ஜாக்கி வாங்கிட்டு வாங்கல. கேபினத் தூக்கி நிமித்திருவோம்."

அண்ணாச்சி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்குள் காற்று வந்துவிட்டது. இடைவெளி வழியாக ஒரு கை மணல் கனி பாயின் தலையணையில் விழுந்தது. அவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். இருமல் நிற்கவில்லை.

அண்ணாச்சி இடைவெளியைப் பார்த்தார். கனி பாயைப் பார்த்தார். ரசமட்டத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"தரைக்கு ஒத்து அடிங்கல. நான் பாக்கல."

கோணலாகவே அடித்தோம். சுற்றிலும் சிலிக்கான் பூசினோம். கண்ணாடி ஓடாமலிருக்க ஒரு பிளைவுட் துண்டைச் செருகியது அண்ணாச்சிதான், அதுவும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு.

விடிய விடியக் காற்று அடித்தது. காலையில் கனி பாய் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக டியூட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

ஜன்னலுக்கும் சிலிக்கானுக்குமாக மொத்தச் செலவு நாற்பத்தெட்டு ரியால். அதோடு அண்ணாச்சியின் தூக்கமும்; அந்த அறையில் இருந்தவரை அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே படுத்தார்.