ரகம் பிரிப்பவர்

உலகத்தில் கற்றுக்கொள்கிறவர்கள் உண்டு, கற்றுக்கொடுக்கிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் ரகம் பிரிப்பவர். அலுவலகத்தில் அரை நாள் பயிற்சிக்குப் போய், மதியச் சாப்பாட்டையும் இலவசப் பையையும் வாங்கிக்கொண்டு, மனித குலம் மொத்தத்தையும் பார்த்துக் கற்கும் கண் ரகம், கேட்டுக் கற்கும் காது ரகம், செய்து கற்கும் கை ரகம் என்று மூன்று டப்பாவில் போட்டு மூடிவிட்டு வீடு திரும்பியிருப்பார். அன்று முதல் அந்த வீட்டில் யாரும் எதையும் தன்பாட்டில் கற்றுக்கொள்ள முடியாது. மனைவி புது வாஷிங் மெஷினைத் திருகிப் பார்த்தால், "நீ கண் ரகம், தொடாதே, படத்தைப் பாரு" என்பார். காது ரகமென்று அவர் முத்திரை குத்திய மகள் கணக்கில் கோட்டை விட்டால்? ரகம் சரிதான், வாத்தியார்தான் சரியில்லை.

நான் வேலை பார்த்த வார்டுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். அவருடைய மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரை மாற்ற மாமியார் பழகிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். மறுநாள் டாக்டர் வந்து பார்த்து முடிவு சொல்வார். பழக்கிவிடுவது என் வேலை.

நாற்காலியை நோயாளியின் நல்ல பக்கம் இழுத்துப் போட்டேன். மாமியார் கையை நீட்டினார். மாப்பிள்ளை குறுக்கே வந்தார்.

"அத்தை காது ரகம் சிஸ்டர். நாளெல்லாம் ரேடியோ கேப்பாங்க. வாயால சொன்னாப் போதும்."

"தூக்கப்போறது கைதானே தம்பி?"

"அது கை ரகத்துக்கு."

பிறகு அவரே ஆரம்பித்தார். முழங்கால் எப்படி மடங்க வேண்டும், முதுகு ஏன் வளையக் கூடாது, உடம்பின் எடை எந்த இடத்தில் கூடுகிறது என்று அவர் விளக்கிக்கொண்டே போக, கட்டில் விளிம்பில் என் தோளில் சாய்ந்திருந்த மாமனார், "என்னை எப்பத்தான் இறக்கப் போறீங்க?" என்றார்.

"மாமா, நீங்க கண் ரகம். கவனிச்சுக்கிட்டே இருங்க."

மாமியார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"நீங்க எந்த ரகம் மாப்பிள்ளை?"

"நான் மூணும் கலந்தவன் அத்தை."

"ரொம்ப வசதியாப் போச்சு. அந்தக் காலிக் கட்டில்ல படுங்க."

படுத்தார். மாமனாரைத் தலையணையில் சாய்த்துவிட்டு நாற்காலியையும் அங்கே தள்ளிக்கொண்டு வந்தேன். இடது கையும் காலும் அசையக் கூடாது என்று உத்தரவாயிற்று. வாய்க்கு உத்தரவு போட ஆளில்லை. மாமியார் அவரை உட்காரவைத்து, முழங்காலோடு முழங்காலை முட்டுக் கொடுத்து எழுப்பினார். நாற்காலி நைசாகப் பின்னால் நழுவியது. மாப்பிள்ளையின் பெல்ட்டைப் பிடித்து நான் கட்டிலில் திரும்ப உட்காரவைத்தேன். அப்போதுதான் அவர் பேச்சு முதல்முறையாக நின்றது.

மாமியார் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து சக்கரத்தைப் பூட்டினார். மறுபடி தூக்கினார். என் கால்களைப் பார்த்தார், நான் சொன்னதை முணுமுணுத்தார், தவறிய இடத்தில் தானே கையை மாற்றிப் பிடித்தார். எந்த டப்பா? எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்வரை பயிற்சி நடந்தது.

மறுநாள் டாக்டர் முன்னால் மாமனார் பதவிசாக நாற்காலிக்கு இடம் மாறினார்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டார் மாமியார்.

"உன் கை சில்லுன்னு இருக்கு. அவ்வளவுதான்."

வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர். மாப்பிள்ளை முதுகைத் தடவிக்கொண்டே அவரிடம் போனார்.

"நான் மொதல்லயே சொன்னேன் டாக்டர். அத்தை கை ரகம்."

சிரிக்கிறீர்கள். வாஷிங் மெஷின் வந்த இடத்திலேயே உங்கள் அண்ணனையோ மேலதிகாரியையோ இவராக்கி, 'அவன் இதே ரகம்' என்று மூடியும் போட்டிருப்பீர்கள். அதற்கு உங்களுக்கு அரை நாள் பயிற்சிகூடத் தேவைப்படவில்லை. உங்களை யார் படுக்கச் சொல்லப் போகிறார்கள் என்பதுதான் பாக்கி.