கருமருந்து வந்த கிணறு

மனிதனாகப் பிறந்தவன் முயற்சியைக் கைவிடக்கூடாது என்பது யுத்த காலத்தில் சர்க்காரின் உறுதியான அபிப்பிராயம். அரிசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, இந்த அபிப்பிராயம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் புஞ்சைக் காட்டுக்கு அதைக் கொண்டுவந்து விநியோகித்தவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேதநாயகம் அவர்கள். கிணறு வெட்டுங்கள், உணவைப் பெருக்குங்கள், சோர்ந்துவிடாதீர்கள் என்று பிரசங்கம் செய்து, மோர் குடித்துவிட்டுப் போனார்.

கேட்டவர்களில் ஒருவன் அதை நம்பிவிட்டான். உக்கிரபாண்டி என்று பேர். இரண்டு வருஷமாக மிளகாய் கருகிப்போனவன். இந்த வருஷமும் கருகினால் நிலத்தை விட்டு மதுரை மில்லுக்குப் போவதென்று இருந்தவன். மனைவி வெள்ளைத்தாயோடு கிணறு வெட்ட இறங்கினான். நாலாள் ஆழத்தில் பாறை வந்தது. ஊர் வந்து எட்டிப் பார்த்து, மில்லுக்கே போயிரு என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனது.

பாறையை வெடிவைத்துப் பிளக்கக் கருமருந்து வேண்டும். சண்டை நடப்பதால் தாலுகா கச்சேரி உத்தரவில்லாமல் அது கிடைக்காது. மனுக் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்வையிட்டார்.

"மருந்து கிணற்றுக்குத்தான் வழங்கப்படும். கிணறு என்றால் தண்ணீர் இருக்கவேண்டும். இது பள்ளம்."

"பாறைய ஒடச்சாத்தானய்யா தண்ணி வரும்."

"வரட்டும். வந்ததும் மருந்து தருகிறோம். மனம் தளராதே."

உக்கிரபாண்டிக்கு மனம் தளரவில்லை, புத்திதான் தளர்ந்தது. நரிக்குடிக் கண்மாயிலிருந்து வண்டி வண்டியாகத் தண்ணீர் கொண்டுவந்து பள்ளத்தில் ஊற்றிவிட்டு மறுபடி மனுக் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் வந்தார், ஒரு கை அள்ளிக் குடித்தார். இவ்வளவு நல்ல தண்ணீர் உள்ள கிணற்றுக்கு மருந்து எதற்கு என்று கேட்டு, அந்த மனுவையும் தள்ளிவிட்டார். அடுத்த ஊர்ப் பிரசங்கத்தில் விடாமுயற்சிக்கு இந்தக் கிணற்றையே உதாரணம் காட்டினாராம்.

அதன்பிறகு அவன் கச்சேரிப் பக்கம் போகவில்லை. உடைமர விறகைப் பாறைமேல் அடுக்கித் தீ மூட்டுவான். பாறை காய்ந்ததும் வெள்ளைத்தாய் மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுவாள். கீறல் விடும். அதில் கடப்பாறையைக் கொடுத்து நெம்புவார்கள். ஒரு நாள் பாட்டுக்கு ஒரு கூடைக் கல். சில நாள் அதுவும் இல்லை. அவள் கையெல்லாம் கொப்புளம். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊரோடு சேர்ந்து சிரித்தோம்.

தை மாதம் ஊற்றுக்கண் திறந்தது. இடுப்பளவு தண்ணீர், இறைக்க இறைக்க ஊறியது. மிளகாய்ச் செடி நிமிர்ந்தது. மில்லுப் பேச்சு நின்றது. வெள்ளைத்தாய் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

ஆனால் விடாமுயற்சி குடியானவனுக்கு மட்டும் சொந்தமா? இன்ஸ்பெக்டர் தள்ளிய மனு மேலே போய், இன்னும் மேலே போய், பல மேஜைகளில் சோதனைப்பட்டு, உத்தரவாகித் திரும்பியிருந்தது. ஒரு பெட்டி மருந்தோடும் வெடி வைக்கும் ஆளோடும் அவர் வந்து இறங்கினார்.

"தண்ணிதான் வந்திருச்சேய்யா, வேண்டாம்" என்றாள் வெள்ளைத்தாய்.

"சாங்ஷன் ஆன மருந்தம்மா. திருப்பி அனுப்பினால் இத்தனை பேர் பட்ட பாடு என்னாவது?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஊரைப் பார்த்தான். ஊர் மருந்துப் பெட்டியைப் பார்த்தது. இடுப்பளவு தண்ணீர் கழுத்தளவு ஆனால் கசக்குமா என்றார் பக்கத்துக் காட்டு நல்லகண்ணு. சர்க்கார் சும்மா கொடுப்பதை வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? உக்கிரபாண்டியும் தலையாட்டினான்.

தண்ணீரை இறைத்துவிட்டு வெடி வைத்தார்கள். சத்தம் பிரமாதம், சுற்றுப்பட்டி எல்லாம் கேட்டது. புகை அடங்கிப் பார்த்தால் பாறை அடிவரை பிளந்து, ஊற்று அந்தப் பிளவோடு போய்விட்டிருந்தது. பொழுது சாயும்வரை காத்திருந்தும் உள்ளங்கை நனையவில்லை. இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டியின் முதுகில் தட்டி, சோர்ந்துவிடக்கூடாது என்றார்.

மூட்டை கட்டுவோம் என்றான் உக்கிரபாண்டி.

"போறவுக போங்க" என்றாள் வெள்ளைத்தாய். "தண்ணி கீழதான போயிருக்கு. நானும் கீழ போறேன்." பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அய்யா மட்டும் இனி ஒத்தாசைக்கு வந்துராதீக."

மறுநாள் காலையில் புருஷனும் மனைவியும் விறகு சுமந்து கிணற்றுக்குப் போனபோது, எதிரே ஊர் வண்டிகள் வரிசையாக வந்தன. உக்கிரபாண்டிக்குக் கிடைத்த கருமருந்து எங்களுக்கு மட்டும் ஏன் கிடையாது என்று கேட்க எல்லாரும் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் கிணறுகளில் தண்ணீர் நிறையவே இருந்தது.