கன்னியாவுக்கு நாலு டிக்கெட்

பஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ராயபுரத்தில் பிறந்து, விம்கோ நகரில் வாழ்க்கைப்பட்டு, இருபது வருடமாகக் காலையும் மாலையும் பாரிமுனை பஸ்ஸில் தொங்கியவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? எந்த ஊர் பஸ்ஸாக இருந்தாலும் அது வளைந்து வரும்போதே முன்வாசலா பின்வாசலா, எந்த ஜன்னல் வழியாகப் பையைப் போடலாம் என்று எனக்குத் தெரிந்துவிடும். (அது எந்த ஊருக்குப் போகிறது என்பது மட்டும் எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. அதுதான் இந்தக் கட்டுரை.)

என் கணவர் சேகருக்குக் காட்டுப்பள்ளியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை. ஒரு வருடம் முழுக்க விபத்தே இல்லாமல் வேலை நடந்ததற்காக, அவர் குழுவுக்குக் கம்பெனி ஒரு பரிசு கொடுத்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து திருகோணமலைக்குச் சொகுசுக் கப்பலில் போய்வருவது. வீட்டுக்கு மூன்று பேருக்கு இடம். மகளுக்குப் பரீட்சை. அதனால் நான், சேகர், என் மாமியார்.

மாமியார் தூத்துக்குடிப் பக்கம். திருவொற்றியூருக்கு வந்து நாற்பது வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவர். கடையை விட்டு ஒரு நாள் நகர்ந்தாலும் ஊரே பட்டினி கிடக்கும் என்று நம்புகிறவர். அவரைக் கிளப்புவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

குழுவுக்குத் தலைவராக மேனேஜர் வரதராஜன் சாரும் வந்தார். சேகருக்குச் சூப்பர்வைசர் வேலை தருவதா வேண்டாமா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். கப்பல் ஏறிய முதல் மணி நேரத்திலேயே சாரின் மனைவி தலைசுற்றலில் படுத்துவிட்டார். சார் தனியாக, ரொம்பப் பரிதாபமாக, டெக்கில் உலாவிக்கொண்டிருந்தார்.

திருகோணமலையில் இறங்கும் அன்று காலை, ஊர் சுற்றிக் காட்ட ஏசி பஸ்கள் வரிசையாக நிற்பதாகச் சொன்னார்கள். எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை.

"கண்ணாடிக்குள்ள ஒக்காந்துகினு பாக்கறதுக்கு வூட்லயே டிவி கீது. லோக்கல் பஸ்ல போனாத்தான் ஊரு தெரியும்" என்றேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சார் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு இங்கே பஸ் ரூட் தெரியுமாம்மா?"

தெரியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது: "பஸ்ஸுன்னா எல்லாம் ஒண்ணுதான் சார். நீங்களும் வாங்க."

சேகர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

போக வேண்டிய இடத்தையும் நானே முடிவு செய்தேன். கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள், பக்கத்தில்தான், பஸ்ஸில் அரை மணி கூட ஆகாது என்று கப்பலில் ஒருவர் சொல்லியிருந்தார். வெந்நீர் என்றதும் முட்டிவலிக்காரரான மாமியாரும் தலையாட்டிவிட்டார். மதியம் மூன்று மணிக்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும், வராதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்று மைக்கில் மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் நான் முடி வாரிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. பலகையில் சிங்களம் பெரிதாக, தமிழ் சின்னதாக. முதல் எழுத்தின் மேல் பூமாலை தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சத்தில் '-ண்ணியா' என்று இருந்தது. அது மூன்று சுழியா இரண்டு சுழியா என்று ஆராய நான் என்ன தமிழ் டீச்சரா? ஓடிப்போய் ஜன்னல் வழியாக என் பையைப் போட்டு இரண்டு சீட் பிடித்தேன். மாமியாரைப் பின்னாலிருந்து ஏற்றினேன். சாரைச் சேகர் ஏற்றினார்.

கண்டக்டர் வந்தார். பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"எங்க, கிண்ணியாவோ?"

"ஆமா நைனா, கன்னியாதான். நாலு."

"ஓம், ஓம். உள்ளுக்குப் போங்கோ."

பார்த்தீர்களா என்பதுபோல நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மரியாதையோடு புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அரை மணி ஆயிற்று. வெந்நீர் வரவில்லை. முக்கால் மணிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஒரு நீளமான பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர், வலை வீசும் தோணிகள். எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து ரசித்தார்கள். மாமியார் மட்டும் என் தோளைத் தட்டினார்.

"ஏளா, வெந்நீர்க் கெணத்துக்கு எதுக்குக் கடலத் தாண்டிப் போவுதோம்?"

"சுத்து வழி அத்தே" என்றேன். (இருபது வருட அனுபவத்தில் இதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.)

பாலம் தாண்டி, கடைத்தெருவில் எல்லோரும் இறங்கினார்கள். நாங்களும் இறங்கினோம். எதிரே ஒரு சின்ன மளிகைக் கடை, வாசலில் டீ பாய்லர். கடைக்காரர் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. நான் நேராகப் போனேன்.

"நைனா, இங்க வெந்நீர் எங்க கீது?"

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நெய்னா என்ட மச்சான். அவர் அடுத்த கடை. வெந்நீர்தானே? இங்கயே இருக்கு, உள்ளுக்கு வாங்க."

ஒரு பிளாஸ்கைத் திறந்து நாலு கிளாஸில் ஆவி பறக்க ஊற்றினார்.

"இது இல்லீங்க. கெணறு. ஏழு கெணறு."

கையிலிருந்த பிளாஸ்கை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். "தங்கச்சி, அது கன்னியா. இது கிண்ணியா. நீங்கள் மற்றப் பக்கம் வந்திருக்கிறீங்கள்."

சார் தன் கிளாஸிலிருந்த வெந்நீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அங்கிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்தார். சேகர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். தன் சூப்பர்வைசர் வேலை எந்தப் பக்கமாகப் பறந்து போகிறது என்று பார்த்தார்போல.

சரி, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம் என்று பார்த்தால் பஸ் காலி. டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஊர் மொத்தமும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆட்டோக்கள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் ஆள் இல்லை. கடைக்காரரும் கதவை இழுக்கப் போனார். மாமியாரின் முட்டியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"வெயில்ல எங்க நிக்கப் போறீங்கள்? உள்ள இருங்க. தொழுதிட்டு ஓடி வாறன்" என்று கடையை எங்களை நம்பி விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் மாமியார் சுற்றிலும் பார்த்தார். கப்பலில் இரண்டு நாளாக எதுவும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"சாமான் அடுக்கி வச்சிருக்க லட்சணத்தப் பாரு. சோப்புக்குப் பக்கத்துல பிஸ்கட்ட வச்சா, அத எவன் திங்கான்?"

"அத்தே, வேணாம். நம்ம கடை இல்ல."

"கடைன்னா எல்லாம் ஒண்ணுதாம்ளா" என்றார். இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டது போலிருந்தது. சேகர் முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் கிண்ணியாவில் மளிகைக் கடை நடத்தினோம். மாமியார் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உத்தரவு போட்டார். சேகர் சோப்பை மேல் தட்டுக்கு ஏற்றினார். நான் பருப்பு டின்களைத் துடைத்தேன். நூறு பேரை வேலை வாங்குகிற வரதராஜன் சார், கையை மடித்து விட்டுக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பெரியது சிறியதாக அடுக்கினார். "தம்பி, லேபிள் வெளிய தெரியணும்" என்று மாமியார் அவரை அதட்டினார். "சரிங்கம்மா" என்று அவர் திருப்பி வைத்தார். இடையில் சர்க்கரை வாங்க வந்த ஒரு பெண்ணுக்கு மாமியாரே நிறுத்துக் கொடுத்தார்.

தொழுகை முடிந்து வந்த கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். தன் கடைதானா என்று பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"அல்லாஹ்! பத்து வருஷமா என்ட மனுசி இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கா" என்றார்.

மணி ஒன்றரை. "ஆட்டோவுல போயிடலாம் கலா" என்றார் சேகர். நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு ரோஷம். பஸ்ஸில் வந்து ஆட்டோவில் திரும்பினால் என் மானம் என்ன ஆவது? "பஸ்தான் சீக்கிரம் போவும்" என்றேன். பஸ் வந்தது. பள்ளிவாசல் கூட்டத்தோடு, படியில் கால் வைக்க இடமில்லாமல் வந்து, நிற்காமலே போயிற்று. திரும்பிப் பார்த்தால் ஆட்டோக்களும் இல்லை. சோறு தின்ன வீட்டுக்குப் போய்விட்டன.

அடுத்த பஸ் வரும்போது மணி இரண்டே கால். சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே உறைத்தது. அந்நிய ஊர். கையில் ஒரு துண்டுச் சீட்டு அனுமதி. பாஸ்போர்ட் கப்பலில். என் வாயால் ஒரு மனிதரின் வேலை, ஒரு கிழவியின் முட்டி, ஒரு குடும்பத்தின் மானம் எல்லாம் கடலில் போகப் போகிறது.

இந்த பஸ்ஸும் பிதுங்கி வழிந்தது. ஆனால் இந்த முறை நான் யோசிக்கவில்லை. உடம்பு யோசித்தது. விம்கோ நகரில் காலை எட்டரை மணிக்கு ஏறுகிற உடம்பு அது. பஸ் வேகம் குறைந்த கணத்தில் கம்பியைப் பிடித்து ஏறி, முதுகால் நெட்டி இடம் பண்ணி, "வயசானவங்க கீறாங்க, கொஞ்சம் நவுருப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் பாட்டே நின்றது. மாமியார் ஏறினார். சாரின் சட்டைக் காலரைப் பிடித்து நானே இழுத்துப் போட்டேன். சேகர் கடைசிப் படியில் தொங்கினார்.

"அக்கா, என்ன அவசரம்?" என்றார் கண்டக்டர்.

சொன்னேன். கன்னியா, கிண்ணியா, மூன்று மணி, கப்பல், எல்லாவற்றையும். பஸ் முழுக்க அமைதியாகக் கேட்டது. பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "என்ன சொல்றீங்கள்? ஸ்டாண்டுக்குப் போக முதல் இவங்களைத் துறைமுகத்தில விடுவமா?" என்றார்.

மடியில் கத்தரிக்காய்க் கூடை வைத்திருந்த ஒரு அம்மா முதலில் வாயைத் திறந்தார். "கப்பல் போயிட்டா திரும்பி வருமோ? எங்களைப் பிறகு விடு. முதல்ல அவங்களைக் கொண்டு போ."

அவ்வளவுதான். டிரைவர் அழுத்திய அழுத்தலில் பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. இறங்க வேண்டியவர்கள் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினார்கள்.

மூன்று மணிக்கு இன்னும் நாலு நிமிஷம். துறைமுக வாசலில், காலியான ஏசி பஸ்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கு நடுவே எங்கள் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போய் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் கப்பல். டெக் முழுக்க ஜனம், எல்லோர் கையிலும் போன். மைக்கில் எங்கள் நாலு பேர் பெயரும் கடலுக்கே கேட்கும்படி வந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலாகக் கண்டக்டர் கத்தினார்:

"கப்பலடி! கப்பலடி இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!"

எங்கள் திருவொற்றியூரில் தேர் நிற்கிற இடம் தேரடி. இவர் ஊரில் கப்பல் நிற்கிற இடம் கப்பலடி. அத்தனை பெரிய கப்பலை ஒரு ஸ்டாப்பிங் ஆக்கிவிட்டார் மனிதர். முதலில் நான் இறங்கினேன், தலைமுடி பேய் மாதிரி. அடுத்து மாமியார், கையில் கடைக்காரர் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டோடு. அடுத்து சார், ஒரே ஒரு செருப்போடு. டெக்கிலிருந்து விசில் பறந்தது. ஏணிப்படியின் மேலே சாரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். கோபத்தில் அவருக்குத் தலைசுற்றல் முழுதாகக் குணமாகியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸின் எல்லா ஜன்னலிலிருந்தும் கைகள் ஆடின. கத்தரிக்காய் அம்மா இரண்டு கைகளையும் ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.)

சேகருக்குச் சூப்பர்வைசர் வேலை மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. கையெழுத்துப் போடும்போது சார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "உங்க வீட்டுல ஆள் ஏத்துற வேகத்துக்கு, கிடங்குல கன்டெய்னர் ஏத்தணும் சேகர்." கம்பெனி சுற்றுலா என்றால் வழி மட்டும் என்னைக் கேட்கக் கூடாது என்றும் உத்தரவு.

இன்றைக்கும் நான் வெளியே கிளம்பிப் பையைத் தோளில் மாட்டினால், அந்தப் பயணத்துக்கே வராத என் மகள் உள்ளேயிருந்து கத்துவாள்: "கப்பலடி இறங்குங்கோ!" தெருவில் பாதிப் பேருக்கு என் பெயர் கப்பலடி அக்கா.

எனக்கு வருத்தம் இல்லை. ஏனென்றால் திருவொற்றியூர்க் கடையில் மாமியார் இந்தக் கதையைச் சொல்லும்போது, நான் தப்பான பஸ் ஏறிய பகுதி எப்படியோ காணாமல் போய்விடுகிறது. ஒரு நாள் எண்ணெய் வாங்க வந்தவரிடம் அவர் சொன்னதை, பருப்பு மூட்டைக்குப் பின்னால் நின்று என் காதால் கேட்டேன்.

"அங்கன கிண்ணியான்னு ஒரு ஊருல கடை ஒண்ணு சீரழிஞ்சு கெடந்துச்சு. அத நான் சரி பண்ணப் போனேன். வர நேரமாயிட்டு. கப்பல்காரன் கெளம்பிட்டான். என் மருமவ வுட்டாளா? பஸ்ஸக் கொண்டுபோயி கப்பலுக்குக் குறுக்க நிறுத்திட்டால்லா!"

நான் திருத்தவில்லை. எண்ணெய் வாங்க வந்தவர் என்னை எட்டிப் பார்த்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.