எல்லோருக்கும் ஒரே கோட்டு

எங்கள் பக்கத்தில் செத்துப்போன ஆண்கள் எல்லோரும் ஒரே கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். நம்பாவிட்டால் கண்டாவளைப் பக்கம் வந்து, எந்த வீட்டுக்குள்ளாவது நுழைந்து சுவரைப் பாருங்கள். மாலை போட்ட படம் ஒன்று தொங்கும். படத்தில் இருப்பவர் வயல்காரராக இருக்கலாம், மீன் விற்றவராக இருக்கலாம், உயிரோடு இருந்த காலத்தில் சட்டையே போடாதவராகக்கூட இருக்கலாம். சுவரில் மட்டும் கறுப்புக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியுமாக, கொழும்பில் ஏதோ கூட்டத்துக்குப் புறப்பட்டவர் போல இருப்பார். அடுத்த வீட்டுக்குப் போனாலும் அதே கோட்டு. இடது மடிப்பில் அதே சுருக்கம்.

கணினியில் அதைப் போட்டுவிட்டவர் கோட்டண்ணை. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். என் தையல் கடைக்கும் அவர் படம் பிடிக்கும் ஸ்ரூடியோவுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். நான் அதிகம் கதைக்காத ஆள். அவர் கதைக்காமல் இருக்கமுடியாத ஆள். அதனால் அந்தப் பலகைக்கு வேலை குறைவு.

எல்லோர் கையிலும் போன் வந்தபிறகு ஸ்ரூடியோவுக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது.

"உயிரோடை இருக்கிறவன் தன்ர படத்தைத் தானே எடுக்கிறான், தங்கச்சி. செத்தவனுக்குத்தான் இன்னும் நான் வேணும்," என்று பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்வார்.

ஆனால் செத்தவர்களுக்குக் கோட்டுப் போட முதலில் ஒரு முகம் வேண்டும். எங்கள் சனத்திடம் அதுதான் இல்லை. யுத்தத்தில் ஓடிய ஓட்டத்தில் பட அல்பங்கள் பதுங்கு குழியிலும் தண்ணீரிலும் போய்விட்டன. பூஞ்சணம் பிடித்த அடையாள அட்டையைக் கொண்டுவருவார்கள். இல்லாவிட்டால் கூட்டமாக நிற்கும் பள்ளிக்கூடப் படம். அதில் முகம் பயற்றங்கொட்டை அளவில் இருக்கும். கணினியில் பெருப்பித்தால் முகம் வராது, சதுரம் சதுரமாக ஏதோ வரும். கோட்டண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருப்பார்.

அந்த நேரத்தில்தான் கனடாவில் இருக்கும் அவருடைய மருமகன் பழைய டப் கணினி ஒன்றை, திரையில் படம் கீறுகிற பேனாவோடு அனுப்பிவிட்டான். அறுபதை எட்டிப்பிடிக்கும் வயதில் மனிதர் படம் கீறப் பழகத் தொடங்கினார். குரு, போனில் வரும் வீடியோக்கள். அதில் கதைக்கும் பாஷை அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. "கை செய்யிறது விளங்குது. வாய் எனக்கு என்னத்துக்கு?" என்பார்.

முதன்முதலில் கீறியது தேநீர்க் கடைக் கோழியை. பார்த்தவர்கள் எல்லோரும் கத்தரிக்காய் என்றார்கள். "கால் கிடக்குதெல்லே! கத்தரிக்காய்க்குக் கால் எங்கையடா கண்டனீ?" என்று நாள் முழுக்கச் சண்டை பிடித்தார்.

மனிதர்களுக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. முகத்தின் பாதியைக் கீறினால் மறுபாதியைத் தானாகக் கீறித்தரும் வசதி ஒன்று டப்பில் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தார். பிறகு ஒரு மகன் வந்து, தகப்பனுடைய படத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, அப்பாவுக்கு ஒரு பக்கச் சொக்கையிலைதான் மச்சம் இருந்தது."

"மற்றது என்ர அன்பளிப்பு," என்றார் கோட்டண்ணை.

லேயர் என்பது இன்னொரு வில்லங்கம். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, கண்ணை ஒன்றில், மூக்கை ஒன்றில், மயிரை ஒன்றில் கீறவேண்டும். பார்த்துக் கீறுவதற்காக வைத்த படம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். முடிந்ததும் அதை மறைத்துவிட வேண்டும். ஒருமுறை மறந்துபோனார். செத்துப்போன ஒரு மனுசியின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அச்சடித்துக் கொடுத்த படத்தில், சேலைக்கும் குங்குமப் பொட்டுக்கும் நடுவே பஸ் கொண்டக்டருடைய மீசை புகைபோலத் தெரிந்தது. மூக்குக்காக மட்டும் அவருடைய படத்தை வைத்திருந்தாராம்.

ஆம், அதுதான் கோட்டண்ணையின் முறை. படம் இல்லாத முகத்துக்கு, இருக்கிற ஆட்களைப் பார்த்துக் கீறுவது. "கொப்பற்ற மூக்கு ஆற்ற மூக்கு மாதிரி?" என்று, தகப்பனுக்குப் படம் வேண்டி வந்தவர்களிடம் கேட்பார். அவர்கள் ஒரு பெயரைச் சொன்னால், போனைத் தூக்கிக்கொண்டு அந்த மூக்கைத் தேடிப் போய்விடுவார். சந்தையில், பஸ்ஸில், கோயில் வீதியில் ஆட்களின் மூக்கையும் காதையும் நாடியையும் படம் எடுப்பார். எங்கள் ஊரில் கேட்காமல் ஒருவரைப் படம் எடுத்தால் அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும். "ஆருக்கு அனுப்புறாய்?" என்று, உளவு சொல்கிறவராக நினைத்து இரண்டு இடங்களில் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

தேநீர்க் கடைக்காரர் காது கொடுத்தார். அந்தக் காதைச் செத்தவர் ஒருவருக்கு வைத்தது தெரிந்ததும் அவருக்குத் தலையிடி தொடங்கிவிட்டது.

"என்ர காதைத் திருப்பித் தா!" என்று ஸ்ரூடியோ வாசலில் வந்து நின்றார்.

"உம்மட காது உம்மட தலையிலைதானே கிடக்குது?"

"அது எனக்குத் தெரியும். பிரேதத்தின்ர தலையிலை கிடக்கிறதை அழி. எனக்கு முன்னாலை அழி!"

அழித்தார். அதற்குப் பிறகு ஒருவரிடமும் காது கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தன் காதையே எல்லோருக்கும் கீறினார். இப்படித்தான் எங்கள் பக்கத்துச் செத்தவர்களுக்குக் கோட்டோடு காதும் ஒன்றானது.

இவரிடம்தான் என் அம்மா ஒரு நாள் போனார்.

என் அக்காவை முள்ளிவாய்க்காலில் சனத்துக்குள் தவறவிட்டோம். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகை ஒன்றில், காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் இருப்பார்கள். அம்மாவும் பஸ் ஏறிப் போவார். எல்லோர் மடியிலும் ஒரு முகம் இருக்கும். அம்மாவின் மடியில் அக்காவின் பெயர் எழுதிய மட்டை மட்டும்தான் இருக்கும். அக்காவின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை.

"பேரைப் பாத்து ஆர் ஆளைக் கண்டுபிடிக்கிறது, தம்பி? எனக்கு முகம் வேணும்," என்றார் அம்மா.

"ஓம் அம்மா. என்ன அளவிலை? மாலை போடுறதெண்டால்..."

அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "மாலை போடுற படம் உம்மட்டைக் கேக்கேல்லை. என்ர பிள்ளை சாகேல்லை. தேடுற படம் கீறித் தாரும்."

கோட்டண்ணை கையில் எடுத்த அளவுகோலைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

பார்த்துக் கீற என்னைக் கேட்டார். அக்காவுக்கும் எனக்கும் ஒரே முகவெட்டு. ஆனால் போனைக் கண்டாலே நான் தையல் மெசினுக்குப் பின்னால் குனிந்துவிடுவேன். அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர எனக்குப் படமே இல்லை.

"எனக்கு ஏலாது, அண்ணை."

"நான் உங்களைக் கீறேல்லை, தங்கச்சி. உங்களைப் பாத்து அக்காவைக் கீறுறன். நீங்கள் உங்களை ஒரு அலுமாரி எண்டு நினைச்சுக்கொண்டு இருங்கோ."

அலுமாரியைப் போலவே இருந்தேன். வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து விழவேண்டும் என்று என்னை யன்னலோரம் இருத்தி, முன்பக்கம், அரைப்பக்கம், முழுப்பக்கம் என்று எடுத்தார். பிறகு என் கண்ணுக்குக் கீழ் இருந்த கருமையையும் நெற்றிக் கோடுகளையும் மறைத்து, அவற்றுக்கு மேல் ஒரு இருபது வயதுப் பிள்ளையைக் கீறினார். அக்காவின் மச்சத்தைக்கூட ஒரு பக்கத்தில் மட்டும்தான் வைத்தார். உண்மையில் அழகாக இருந்தது.

அம்மா கனநேரம் பார்த்தார். "இவ்வளவு வரியமா அவள் இப்பிடியே இருப்பாளோ, தம்பி? அவளுக்கும் தலை நரைச்சிருக்கும். குமர்ப்பிள்ளையின்ர படத்தைக் காட்டினால், நரைச்சவளை ஆர் கொண்டுவந்து தருவினம்?"

கோட்டண்ணை டப்பைத் தொட்டார். மேலே கீறிய லேயர் மறைந்தது. என் கருமையும் கோடுகளும் திரும்பி வந்தன. "ஒண்டும் அழியேல்லை, அம்மா. எல்லாம் கீழைதான் கிடக்குது," என்றார். அதையே பார்த்துத் திரும்பக் கீறி, நரையும் வைத்துக் கொடுத்தார்.

அம்மா அந்தப் படத்தோடு கொட்டகைக்குப் போனார். இரண்டாம் முறை போனபோது, பூநகரியில் இருந்து பஸ்ஸில் வந்த ஒரு மனுசி வீதியில் நின்று கத்தினாவாம். "ஐயோ அம்மா! இவா உயிரோடை இருக்கிறா! போன கிழமைதான் இவவிட்டைச் சட்டை தைப்பிச்சனான்!"

கொட்டகையில் இருந்த தாய்மார் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். ஒருவர் அழத் தொடங்கிவிட்டார். அம்மாவும் எழும்பினாராம். "எந்தக் கடையிலை, பிள்ளை?" என்று கேட்டாராம். ஸ்ரூடியோவுக்குப் பக்கத்தில், பச்சைக் கதவு என்று பதில் வந்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"அது என்ர மற்றப் பிள்ளை," என்றாராம்.

வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துத்தான் இதைச் சொன்னார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று அம்மா சாப்பிடவில்லை.

இது காதில் விழுந்ததும் கோட்டண்ணை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். குசினி வாசலில் நின்றபடி கேட்டார். "அம்மா, ரெண்டு பிள்ளையளுக்கும் என்ன வித்தியாசம்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "மூத்தவள் சிரிப்பாள். சொக்கை ரெண்டும் மேலை ஏறி, கண் மூடுப்படும். இவள் சிரிக்காள்."

அடுத்த நாள் யன்னலோரம் திரும்ப இருத்தினார். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். "பல்லுக்குத்து வந்த மாதிரி இருக்குது," என்றார். மீசைக் கதை சொன்னார், காதுக் கதை சொன்னார். எல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து ஏற்கெனவே கேட்டவை. பாவம், கோழி மாதிரிக் கத்தியும் பார்த்தார். எனக்கு அழுகைதான் வரப்பார்த்தது.

"கொஞ்சம் இருங்கோ," என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அந்தக் கோட்டைப் போட்டிருந்தார்.

அதுவரைக்கும் அது எங்கோ கிடைத்த ஒரு படம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது உண்மையான கோட்டு! இடது மடிப்பில் அதே சுருக்கம். கை முழங்கையோடு நின்றுவிட்டது, தோளில் பூச்சி அரித்த ஓட்டை. சிவப்புக் கழுத்துப்பட்டி. கீழே கட்டம் போட்ட சாரம், ஒரு பக்கம் தூக்கிச் செருகியபடி. அந்த மத்தியான வெக்கையில், வியர்வை ஒழுக ஒழுக, சுவரில் இருக்கும் செத்தவர்களைப் போலவே நாடியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்.

நான் சிரித்தேன். எத்தனை வருடங்களாக உள்ளே கிடந்ததோ, நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் செத்தவர் மாதிரி நின்றபடியே போனை மட்டும் அமத்திக்கொண்டிருந்தார்.

"காணும், தங்கச்சி, போதும். இனி என்னையும் ஒண்டு எடுங்கோ. இவ்வளவு பேருக்குப் போட்ட கோட்டு, எனக்கு எப்பிடி இருக்குதெண்டு பாப்பம்."

அவருடைய போனை வாங்கி எடுத்தேன். நான் இன்னொருவரை எடுத்த முதல் படம் அது.

அக்காவின் புதுப் படத்தைக் கையில் வாங்கியபோது அம்மா ஒன்றும் திருத்தவில்லை. "சிரிக்கிறாள்," என்று மட்டும் சொன்னார். இப்போதும் அதோடுதான் கொட்டகைக்குப் போகிறார். ஒருவரும் இன்னும் வரவில்லை. ஆனால் அதைப் பார்த்து என்னை அடையாளம் கண்டவரும் இல்லை.

போன மாரியில், நெஞ்சு நோகுது என்று வாங்குப் பலகையில் படுத்த கோட்டண்ணை எழும்பவில்லை. மாலை போட ஒரு படம் வேண்டும் என்று மருமகன் கனடாவில் இருந்து போன் எடுத்துக் கேட்டான். ஊரிலுள்ள எல்லோருடைய மூக்கும் நாடியும் இருந்த அந்தப் போனில், அவருடைய முகம் இருந்தது ஒரே ஒரு படத்தில்தான். ஒருவரும் எதையும் கீறவேண்டி இருக்கவில்லை. காதும் அவருடையது, கோட்டும் அவருடையது.

நெஞ்சுவரை வெட்டிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். விளக்கு வைக்கப் போகும் ஆட்கள், மனிதர் என்ன கம்பீரமாக இருக்கிறார் என்கிறார்கள். கீழே சாரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.