வரிசைத் தலைவர் தோர்லைஃப்

மலைச்சாலையின் தடுப்புக்கட்டை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று தோர்லைஃபுக்குப் பிடிபடவில்லை. வெளியே ஒரே வெள்ளை. கட்டையின் சிவப்பு விளக்கைப் பனி அப்பியிருந்தது. எதற்கு வம்பு என்று காரை நிறுத்தினார்.

மலைச்சாலையை மூடிவிட்டால் பனி தள்ளும் லாரி வர வேண்டும். அது முன்னே போக, மற்ற வண்டிகள் வரிசையாகப் பின்னே போக வேண்டும். வடக்கு நார்வேயில் அதுதான் சட்டம். அதை மீறத் தோர்லைஃப் என்ன சின்னப்பிள்ளையா? அதுவும் பின்சீட்டில் பேத்தியின் ஞானஸ்நான உடுப்பு இருக்கும்போது? மூன்று தலைமுறைக் குழந்தைகள் போட்ட உடுப்பு. பன்னிரண்டு மணிக்கு மலைக்கு அந்தப் பக்கம் சடங்கு. பேத்தி என்றால் அவருக்கு உயிர்.

பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. முன்னால் நிற்பவரிடம் போய் ஏன் நிற்கிறாய் என்று கேட்பது அந்த ஊரில் மரியாதை இல்லை.

அரைமணி கழித்து அவரே இறங்கிப் பின்கார்க் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே போதகர் சிக்ரிட்.

"லாரி எப்ப வருதாம், போதகரம்மா?"

"நீங்கதானே முதல்ல நிக்கறீங்க? உங்களுக்குத் தெரியாததா!"

தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இதோ வந்துடும்," என்றார்.

அந்த 'இதோ' வரிசையின் வால்வரை போயிற்று. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் எய்வின் இறங்கி வந்தார்.

"எத்தனை நிமிஷம்?"

"இருபது."

இருபது எங்கிருந்து வந்தது என்று கடவுளுக்கே வெளிச்சம். அதுவும் கடந்துபோனது. ஆட்கள் இறங்கி வந்து அவரையே பார்த்தார்கள். சமாளிக்க வேண்டுமே! பழைய கடித உறை ஒன்றை எடுத்து வண்டி எண்களை எழுத ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வரிசைக்குப் பொறுப்பு அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஒருத்தி பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். இன்னொருவர் வாஃபிள் கொடுத்து, "உங்க வேலை ரொம்பக் கஷ்டம்," என்றார்.

பன்னிரண்டரைக்கு மகள் இங்வில் போன் செய்தாள்.

"அப்பா! எங்க இருக்கீங்க? பாப்பா வெறும் உள்சட்டையோட அழுதுட்டிருக்கா. போதகர் வரல, ஆர்கன்காரர் வரல, ஞானத்தாயும் வரல!"

"எல்லாரும் என் பின்னாலதாம்மா இருக்காங்க. பத்திரமா வெச்சிருக்கேன்."

"கேக்கு?"

"ஒன்பதாவது கார்."

"போங்கப்பா..." என்று அவள் அழுதுவிட்டாள். தோர்லைஃபுக்கு நெஞ்சு தாங்கவில்லை. உடுப்பைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, நடந்தே மலை ஏறக் கிளம்பிவிட்டார்.

போதகர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "நீங்க போயிட்டா எங்களை யாரு பார்த்துக்கறது?"

அப்போது பின்னாலிருந்து மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர், குல்லாயைக் கழற்றிப் பணிவாகக் கையில் பிடித்தபடி வந்தார்.

"ஐயா, நான் பதினேழாவதா நிக்கறேன். என் நம்பரையும் எழுதிக்கறீங்களா?"

தோர்லைஃப் பேனாவை எடுத்தார். "என்ன வண்டி?"

"பனி தள்ற லாரிங்க. காலையிலேருந்து ரோடு தொறந்துதான் இருக்கு, ஒரு மணி நேரமா எதுக்கு நிக்கறோம்னு கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு."