கோப்பைக்கு உரை சொல்பவர்

ஏதென்ஸில் மழைக்கு ஒதுங்க இடம் கிடைக்கலாம். கோப்பைக்கு உரை சொல்பவரிடமிருந்து ஒதுங்க இடம் கிடைக்காது. அவரை உங்களுக்கும் தெரியும். விருந்துக்கு எல்லோருக்கும் முன்பே வந்து, சாய்வுக் கட்டிலில் நல்ல தலையணையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, மது வந்ததும் குடிக்காமல் கோப்பையைச் சுண்டிப் பார்த்து, விளக்கருகே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, அதில் சாமி இருந்தால் சாமிக்கும், ஆடு இருந்தால் ஆட்டுக்கும், ஒன்றுமே இல்லாவிட்டால் அந்த ஒன்றுமில்லாமைக்கும் பொருள் சொல்வாரே, அவர்தான். 'தெரியாது' என்ற ஒரு சொல்லை மட்டும் அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் எவார்கோஸ்.

அன்று தெமியாஸ் வீட்டு விருந்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. அழைக்காததற்காக வராமலிருக்க அவர் என்ன அவ்வளவு சின்ன மனிதரா? தெமியாஸ் அழைத்திருந்தது பாசிக்ளெஸையும் அவருடைய மைத்துனர்கள் இருவரையும்தான். பாசிக்ளெஸின் மகனுக்குத் தெமியாஸின் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. வலது கையைக் கொடுத்து வாக்குச் சொல்வது மட்டும் பாக்கி. ஆனால் பாசிக்ளெஸ் சகுனக்காரர். தெருவில் யாரோ யாரையோ "நில்லுடா" என்று அதட்டினால், துறைமுகத்தில் தன் கப்பலை நிறுத்திவிடுவார்.

அவர் மனம் குளிரட்டும் என்றே தெமியாஸ் குயவர் தெருவில் புதுக் கோப்பை ஒன்று வாங்கியிருந்தார். கறுப்புக்கு நடுவே செம்மண் நிறத்தில் மதுக் கடவுள் டயோனைசஸ். தலையில் கொடிமாலை, கையில் கொம்புக் கிண்ணம், ஒரு கால் தூக்கிய ஆட்டம். கோப்பையின் உள்ளே அடியில் நிற்பதால் குடித்து முடித்தவருக்குத்தான் தரிசனம். சாமியைச் சுற்றி வட்டமாக எழுத்துகள்: நொலெதோகெய்.

"என்னய்யா எழுதியிருக்கு?" என்று வாங்கும்போதே தெமியாஸ் கேட்டிருந்தார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. எழுத்து இல்லாத கோப்பைய யாரும் சீண்ட மாட்டேங்கறாங்க. அதான் அழகுக்கு ஏதோ போட்டு வச்சேன்" என்றான் வரைந்தவன்.

விருந்தில் முதல் சுற்று முடிந்தது. பாசிக்ளெஸ் கோப்பையின் அடியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, சாமி ஆடுதே! சுத்தி என்னமோ எழுதியிருக்கே?"

"இங்க குடுங்க" என்று ஒரு கை நீண்டது. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

எவார்கோஸ் ஒற்றைக் கண்ணை மூடினார். "ஆகா" என்றார். ஆகா என்பது இந்த இனம் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். "இது நம்ம ஊர் எழுத்து இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் அயோனியாவுல இருந்த பழைய வழக்கு. இப்ப இருக்கற படிப்பாளிகளுக்கெல்லாம் பிடிபடாது."

"நானும் பாத்ததுமே நெனச்சேன்" என்றார் ஒரு மைத்துனர். "எங்க தாத்தா இப்படித்தான் பேசுவாரு" என்றார் இன்னொருவர். பாசிக்ளெஸும் தனக்குத் தெரிந்ததுதான் என்பதுபோல் தலையை ஆட்டிவைத்தார்.

எவார்கோஸ் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று தலைகள் ஆடிய பிறகு நிறுத்திக்கொண்ட உரையாசிரியர் உலகத்தில் உண்டா?

"'குடித்தாயிற்று, எழுந்து போ.' இதான் பொருள். நம்பலேன்னா சாமியோட காலப் பாருங்க, ஒதச்சுத் தள்ற மாதிரி இல்ல?"

பாசிக்ளெஸ் கோப்பையைக் கீழே வைத்தார். கால்கள் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடின.

"சம்பந்தி, கொஞ்சம்..."

"இன்னும் சம்பந்தி ஆகலைங்க. பொண்ணு கேட்டு வந்த எடத்துல சாமியே எந்திரிச்சுப் போங்குது. அப்புறம் நான் என்னத்த உக்காருறது?"

தெமியாஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். அது எழுத்தே இல்லை, வெறும் கிறுக்கல் என்று உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் எவார்கோஸ் முட்டாள். அது ஊருக்கே நல்லது. ஆனால் கிறுக்கலைப் பார்த்துத் தலையாட்டிய பாசிக்ளெஸும் முட்டாள். சம்பந்தியை முட்டாளாக்கிவிட்டு அவர் வீட்டுக்கு மகளை எந்த முகத்தோடு அனுப்புவது?

தெமியாஸ் கோப்பையை எடுத்து, சாமியின் பாதம் மேலே வரும்படி மெல்லச் சுற்றிப் பிடித்தார்.

"எவார்கோஸ், நீங்க தலைலேர்ந்து படிச்சிட்டீங்க. சாமிய எப்பவும் பாதத்துலேர்ந்துதானே ஆரம்பிக்கணும்? வலப்பக்கமிருந்து இடப்பக்கமா வாங்க. 'போய்த் திரும்பி வா, புதுச் சொந்தத்தோடு.' காலத் தூக்கியிருக்கறது ஒதைக்க இல்லைங்க, நம்ம வாசப்படி ஏற."

எல்லோரும் எவார்கோஸைப் பார்த்தார்கள். அவர் அசருவாரா?

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன். முடிக்க விட்டாத்தானே!"

"அப்பவே எனக்குத் தோணிச்சு" என்றார் தாத்தாவுக்கு அயோனியா பேசத் தெரிந்த மைத்துனர். செருப்பு கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. பாசிக்ளெஸ் வலது கையை நீட்டினார்.

விருந்தினர் போனதும் தெமியாஸின் மனைவி திமாரெட்டே உள்ளறையிலிருந்து வந்தாள். "நெஜமாவே சாமி அப்படியாங்க சொல்லியிருக்கு?"

"ஆமா."

"வரைஞ்சவனுக்கு எழுத்தே தெரியாதுன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?"

தெமியாஸ் கோப்பையைத் தூக்கி விளக்கருகே பிடித்தார். ஒற்றைக் கண்ணை மூடினார்.

"ஆகா" என்றார். "அங்கதான்டி விஷயமே இருக்கு. எழுத்து தெரியாதவன் எழுதியிருக்கான்னா, அப்ப அவன் கையப் பிடிச்சு எழுதினது யாரு?"

சிரிக்காதீர்கள். மேலே அந்த எழுத்துகளைக் கடந்து வந்தபோது, வரைந்தவன் வாயைத் திறப்பதற்குள், 'இது ஏதோ வாழ்த்துப் போலிருக்கிறது' என்று மனத்துக்குள் ஓர் உரை எழுதிவிட்டுத்தானே வந்தீர்கள்? போகட்டும். மூடிய கண்ணைத் திறந்துகொள்ளலாம்.