பொய்ப்பூச்சி

சேனாபதி வீசிய தூண்டில் ஆற்றில் விழவில்லை. பின்னால் நின்ற வெங்கடாசலத்தின் கம்பளித் தொப்பியில் போய்க் குத்திக்கொண்டது.

"ஐயோ, ஸாரி சார்! காத்து இழுத்துருச்சுங்க."

"பரவால்ல சேனா. டெக்ஸாஸ்ல காத்து வேற மாதிரி இருக்கும் போல," என்று சிரித்தார் வெங்கடாசலம்.

டெக்ஸாஸில் வாராவாரம் மீன் பிடித்ததாகச் சேனாபதி அளந்துவிட்ட கதை அது. தூண்டிலைத் தொட்டதே இன்றுதான். இரண்டாயிரத்து எட்டு டிசம்பர், எங்கே பார்த்தாலும் ஆட்குறைப்பு. மாதக் கடைசியில் அவனுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. வெளியே யாருக்கும் தெரியாது. வெங்கடாசலமோ மருந்துக் கம்பெனி டைரக்டர். அவரே கோயிலில் கூப்பிட்டு, "ட்ரவுட் மீன் பிடிக்க வர்றீங்களா?" என்று கேட்டால் விடுவானா?

ஆனால் இது என்ன கண்றாவி விளையாட்டு! இறகையும் நூலையும் சுற்றிய பொய்ப்பூச்சியைக் காட்டி மீனை ஏமாற்ற வேண்டுமாம். ஏமாந்த மீனோடு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டுமாம். இத்தனைக்கும் வெங்கடாசலம் முட்டைகூடத் தொடாதவர். வெள்ளைக்காரனாக மாற மனுஷன் எவ்வளவு பாடுபடுகிறார் என்று உள்ளுக்குள் எகத்தாளமாகச் சிரித்துக்கொண்டான்.

தொப்பியிலிருந்து முள்ளை எடுக்க நெருங்கியவன், கரையில் கிடந்த அவருடைய தூண்டில் கழியை மிதித்தான். 'படக்' என்றது.

"சார்..."

"பழசுதான். விடுங்க."

ஒரு மீனாவது பிடித்துச் சமாளிக்கலாம் என்று சேனாபதி ராரிட்டன் ஆற்றுக்குள் இறங்கினான். மார்பு வரை ரப்பர் உடுப்பு. நாலாவது வீச்சிலேயே ஒரு ட்ரவுட் நிஜமாகக் கடித்துத் தொலைத்தது. அவன் பதறிப்போய்க் கத்தினான், வழுக்கினான், விழுந்தான். பனித்தண்ணீர் உடுப்புக்குள் புகுந்தது.

வெங்கடாசலம் பாய்ந்து வந்து இழுத்தார். அவன் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மீனும் போயிற்று, அவருடைய கண்ணாடியும் போயிற்று.

"கண்ணாடி சார்..."

"வீட்ல இன்னொண்ணு இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

கண்ணாடி இல்லாமல் அவரால் டிரைவ் பண்ண முடியாது. அவருடைய காரைச் சேனாபதி ஓட்டினான். வீட்டு வாசலில் திருப்பும்போது தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தான்.

"மாத்தணும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்," என்றார் வெங்கடாசலம், பல் கிட்டிக்க.

இப்படியும் ஒரு டைரக்டரா! கோபமே வராத இந்தக் கொழுக்கட்டைக்குக் கீழே வேலை பார்ப்பது எத்தனை சுகம்! அவர் உடை மாற்றிக்கொண்டு வந்ததும் வாய் திறந்து கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

அவர் மாடிக்குப் போனார். அவர் மனைவி ஷ்யாமளா காபியை நீட்டிவிட்டு, மாடிப்படியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இவருக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. உங்க ஆபீஸ்ல ஏதாவது ஓப்பனிங் இருக்கான்னு கேக்கத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனார்... கேட்டாரா?"